உங்கள் மாநிலத்தில் துப்பாக்கி வன்முறையைக் குறைக்க: ஆய்வைப் படிப்பது முதல் சட்டசபையில் பேசுவது வரை

2023 மே 6, சனிக்கிழமை. டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஆலன் ஊரின் அவுட்லெட் மாலில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 8 பேரைக் கொன்றான். அவர்களில் 3 பேர் குழந்தைகள். ஹைதராபாத்திலிருந்து வந்து இங்கே எஞ்சினியராக வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணும் அன்று இறந்தார். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், திரும்பிப் போகும்முன் பெட்டியை நிரப்ப நாம் கூட்டிக்கொண்டு போகும் கடைத்தெரு அது.

இரண்டு நாள் கழித்து டெக்சஸ் தலைநகர் ஆஸ்டினில் ஒன்று நடந்தது. 21 வயதாகாதவர்களுக்குச் சில வகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களை விற்கக் கூடாது என்ற மசோதாவை டெக்சஸ் சட்டசபையின் கமிட்டி ஒன்று 8-5 என்ற வாக்கில் நிறைவேற்றியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பொதுவாக எதிர்க்கும் குடியரசுக் கட்சியினர் இருவர்கூட ஆதரவாக வாக்களித்தார்கள். யூவால்டி பள்ளியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்களே, அந்தக் குடும்பங்கள் கேட்ட மசோதா அது. ஏப்ரலில் அதே கமிட்டி முன்னால் பேச அவர்கள் காலையில் வந்து இரவு வரை காத்துக் கிடந்தார்கள். கமிட்டியில் ஜெயித்த மசோதா மறுநாளே செத்துப்போனது. யாரும் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடிக்கவில்லை. அவையின் விவாதப் பட்டியலில் ஏறுவதற்கான கெடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வாரம்வரை எனக்கு அப்படி ஒரு கெடு இருப்பதே தெரியாது. மெழுகுவத்தி ஏந்தி நின்றேன், வாட்ஸ்அப்பில் செய்திகளைப் பகிர்ந்தேன், அழுதேன். அதற்குப் பிறகுதான் இதைப் பாடமாகப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதினாலும், அங்கே இந்தப் பிரச்சினை எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள விரும்பும் யாருக்கும் இது உதவும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். "எனக்கு ஓட்டே கிடையாது, நான் ஏன்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எச்-1பி விசாவில் இருந்தாலும் கிரீன் கார்டில் இருந்தாலும் உங்கள் பகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், அவர் அலுவலகத்துக்குப் போய்ப் பேசலாம், கமிட்டி முன்னால் கருத்துச் சொல்லலாம். தேர்தலுக்கு நன்கொடை கொடுப்பது மட்டும் வேறு விஷயம். கிரீன் கார்டு உள்ளவர்கள் கொடுக்கலாம், விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தலுக்கும் கொடுக்கக் கூடாது. உங்கள் நிலைமையில் ஏதாவது தயக்கம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஏன் மாநிலம்?

வாஷிங்டனில் பெரிய சட்டம் வருவது அபூர்வம். வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கச் சொன்ன 1993 பிரேடி சட்டம், தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்த 1994 சட்டம், இவற்றுக்கும் 2022 ஜூனில் வந்த இருகட்சிச் சட்டத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட முப்பது வருடம். நகராட்சியைக் கேட்கலாமே என்றால், 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் நகரங்கள் தாங்களாகத் துப்பாக்கிச் சட்டம் போடுவதைத் தடுத்தோ கட்டுப்படுத்தியோ வைத்திருக்கின்றன. மிஞ்சுவது மாநிலச் சட்டசபை. யாருக்குத் துப்பாக்கி விற்கலாம், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும், ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து தற்காலிகமாக வாங்கி வைக்கலாமா, எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

வித்தியாசமும் அங்கேதான் தெரிகிறது. மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை துப்பாக்கி மரணம் என்று பார்த்தால், 2021-இல் மிசிசிப்பியின் விகிதம் மாசசூசெட்ஸைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. இத்தனைக்கும் ஒரே நாடு, ஒரே அரசியல் சாசனம்.

படி 1: எண்களைக் கையில் எடுங்கள்

துப்பாக்கி வன்முறை என்றதும் பள்ளிக்கூடமும் மாலும்தான் நம் கண்முன் வரும். மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் கணக்கோ வேறு மாதிரி இருக்கிறது. 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 17,927 பேர். தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஓடும் கூட்டக் கொலைகள் இந்த மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. 2020 முதல், 1 வயதிலிருந்து 19 வயது வரையுள்ள பிள்ளைகள் இறப்பதற்கான முதல் காரணமே துப்பாக்கிதான்.

இது நாட்டுக் கணக்கு. உங்களுக்குத் தேவை உங்கள் மாநிலக் கணக்கும் மாவட்டக் கணக்கும். சிடிசியின் வொண்டர், விஸ்கார்ஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களில் வருடம், வயது, தற்கொலையா கொலையா விபத்தா என்று பிரித்துப் பார்க்கலாம். வொண்டரில் ஒரு மாவட்டத்தில் 10-க்கும் குறைவான மரணங்கள் என்றால் எண்ணை மறைத்துவிடுவார்கள். அப்போது நான்கைந்து வருடங்களைச் சேர்த்துக் கேளுங்கள், எண் வரும். ஒரே வருடத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள். கோவிட் ஆண்டுகளில் கொலைகள் சட்டென்று ஏறி அப்புறம் இறங்கின. அந்த இறக்கத்துக்குத் தங்கள் திட்டம்தான் காரணம் என்று எல்லாரும் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

தற்கொலை இவ்வளவு பெரிய பங்கு என்று சொன்னதும், "சாக நினைத்தவர் எப்படியும் செய்துகொள்வார், துப்பாக்கியைப் பூட்டி என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். நம் ஆட்களே கேட்பார்கள். ஆனால் இதற்குப் பதில் நமக்கு வெகு அருகில் இருக்கிறது. 1995-இல் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. பெரும்பாலும் பூச்சிமருந்து. கொடிய நச்சு கொண்ட மருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது வருடத்தில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. மக்களின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை, நடுவில் போரே நடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள் மாறியது, அதனால் பிழைத்தார்கள்.

துப்பாக்கியிலும் அதே கணக்கு. அதால் முயன்றவர்களில் 10-க்கு 9 பேர் இறந்துவிடுகிறார்கள். ஏதோ ஒரு முயற்சியில் உயிர்பிழைத்தவர்களில் 10-க்கு 9 பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்தக் கொடிய நேரத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலோர் வாழ்ந்துவிடுகிறார்கள். (உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படிப்பட்ட நேரம் என்றால், அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.)

படி 2: ஆய்வுகளை நம்புவதற்கு முன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தத் துறையில் ஆய்வு ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1993-இல் ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் சகாக்களும் சிடிசி நிதியில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது அது. துப்பாக்கி அமைப்புகள் கொதித்தன. 1996-இல் ஆர்கன்சாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ வளர்க்கவோ சிடிசி பணம் செலவாகக் கூடாது. ஆய்வே கூடாது என்று அதில் இல்லை. ஆனால் ஆய்வுக்குச் செலவிட்ட 26 லட்சம் டாலரையும் சிடிசியின் பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதிகாரிகள் பயந்து விலகினார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தத் துறை காய்ந்து கிடந்தது.

அந்த டிக்கியே மனம் மாறினார். தன்னை எதிர்த்து நின்ற சிடிசி விஞ்ஞானி மார்க் ரோசன்பர்க்குக்கு நண்பரானார். 2012-இல் இருவரும் சேர்ந்து வாஷிங்டன் போஸ்டில் எழுதினார்கள்: ஆய்வு வேண்டும், துப்பாக்கி உரிமையைக் காத்துக்கொண்டே உயிர்களையும் காக்க முடியும். எதிரணி உறுப்பினரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இந்த இருவரை நான் நினைத்துக்கொள்வேன்.

2019 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் மறுபடி 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. இடைப்பட்ட காலத்தில் கலிஃபோர்னியா தன் சொந்தப் பணத்தில் யூசி டேவிஸில் 2017-இல் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. நியூ ஜெர்சி 2018-இல் ரட்கர்ஸில் தொடங்கியது. 2025-இல் சிடிசியின் காயத் தடுப்புப் பிரிவில் பெரிய ஆள்குறைப்பு நடந்திருக்கிறது. ஆகவே "எங்கள் மாநிலமும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்" என்பதே ஒரு நல்ல கோரிக்கை. சட்டம் எதையும் மாற்றத் துணியாத உறுப்பினர்கூட இதற்குச் சம்மதிக்கலாம்.

சரி, எதைப் படிப்பது? ராண்ட் நிறுவனம் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சலித்து, எந்தச் சட்டத்துக்கு எவ்வளவு வலுவான சான்று என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் மிக வலுவான சான்று உள்ள சட்டங்களில் ஒன்று, பிள்ளைகள் கையில் துப்பாக்கி கிடைக்காமல் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம். இளையவர்களின் தற்கொலையையும் விபத்தையும் அது குறைக்கிறது. வேறு பல சட்டங்களுக்கு நேராக "முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை" என்றிருக்கும். அப்படியென்றால் அந்தச் சட்டம் பலன் தராது என்று பொருள் கொள்ள வேண்டாம். நல்ல ஆய்வு இன்னும் போதவில்லை என்பதுதான் பொருள். இந்த இரண்டையும் குழப்புவதுதான் கமிட்டி அறைகளில் நான் அடிக்கடி கேட்கும் தவறு. ஆதரிப்பவர்களும் செய்கிறார்கள், எதிர்ப்பவர்களும் செய்கிறார்கள்.

எண்களை எப்படிக் கையாள்வது என்பதற்குக் கனெடிகட்டும் மிசூரியும் நல்ல உதாரணம். கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று கனெடிகட் 1995-இல் சட்டம் போட்டது. மிசூரி தன்னிடமிருந்த அதே மாதிரிச் சட்டத்தை 2007-இல் நீக்கியது. கனெடிகட்டில் துப்பாக்கிக் கொலைகள் 40 சதவீதம் குறைந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2020-இல் வேறு முறையில், நீண்ட காலத்தை எடுத்துப் பார்த்தபோது அது சுமார் 28 சதவீதம் என்று வந்தது. மிசூரியில் நீக்கிய பிறகு கொலைகள் கூடியதாக இரண்டு முறையிலும் வந்தது. உங்கள் பேச்சில் 40-ஐச் சொல்வீர்களா, 28-ஐச் சொல்வீர்களா? நான் 28-ஐச் சொல்வேன், முறை மாறினால் எண் மாறும், திசை மாறவில்லை என்றும் சேர்த்துச் சொல்வேன். பெரிய எண்ணைச் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டால் அடுத்த முறை அந்த அலுவலகத்தில் உங்கள் தாளை யாரும் படிக்க மாட்டார்கள்.

உங்களுக்கு எதிரான ஆய்வையும் தேடிப் படியுங்கள். மேலே இலங்கையைச் சொன்னேன் அல்லவா? அதே இலங்கையில் அநுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில், வீடுகளுக்குப் பூட்டுள்ள பூச்சிமருந்துப் பெட்டிகள் கொடுத்துச் சோதித்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: பூட்டுப் பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தடை பலன் தந்தது, பூட்டு தரவில்லை. பூட்டுக்காக வாதாடப் போகும் எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. யோசித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது: அங்கே மருந்தைக் கையாளும் பெரியவர்களிடமே சாவியும் இருந்தது. பிள்ளைக்கும் துப்பாக்கிக்கும் நடுவே போடும் பூட்டில் சாவி வேறொருவரிடம் இருக்கிறது. ஆகவே பூட்டுச் சட்டம் பிள்ளைகளைக் காக்கும் என்று அழுத்திச் சொல்லலாம். அதைக் கொண்டு பெரியவர்களின் தற்கொலையும் குறைந்துவிடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

படி 3: உங்கள் மாநிலச் சட்டத்தை வரிவரியாகப் படியுங்கள்

சட்டம் இருக்கிறதா இல்லையா என்பதோடு நிறுத்தாதீர்கள். ஓட்டை எங்கே என்று பாருங்கள். டெக்சஸை எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த மாநிலம்.

துப்பாக்கிக்குப் பேர்போன டெக்சஸில் பூட்டிவைக்கும் சட்டமே கிடையாது என்று பலரும் நினைக்கிறார்கள். 1995-லிருந்தே இருக்கிறது. சுடத் தயாரான நிலையில் இருக்கும் துப்பாக்கி, கவனக்குறைவால் பிள்ளை கைக்குக் கிடைத்தால் உடைமையாளர் மேல் குற்றம். ஆனால் "பிள்ளை" என்றால் 17 வயதுக்குக் கீழே. 2018 மே 18 அன்று சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 10 பேரைக் கொன்ற மாணவனிடம் இருந்தவை அவன் அப்பாவின் ஷாட்கன்னும் ரிவால்வரும். அவனுக்கு வயது 17. சட்டம் அந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

அதே மாத இறுதியில் ஆளுநர் கிரெக் ஆபட் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்புத் திட்டத்தில், 17 வயதினரையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும், "சுடத் தயாரான" என்ற நிபந்தனையையும் நீக்க வேண்டும் என்ற யோசனைகள் இருந்தன. குடியரசுக் கட்சி ஆளுநரின் சொந்த ஆவணம் அது. அந்தத் திருத்தம் சட்டமாகவில்லை. 2019-இல் பூட்டி வைப்பது பற்றிய விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள், அவ்வளவே. நான் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்த 2018 ஆவணத்தின் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோகிறேன். "உங்கள் ஆளுநர் எழுதியதைத்தான் கேட்கிறேன்" என்று தொடங்கும்போது அறையில் இறுக்கம் குறைகிறது.

உங்கள் மாநிலத்திலும் இப்படி ஏதாவது கிடக்கும். தோற்றுப்போன பழைய மசோதா, அதன் வாக்கு விவரம், ஏதோ ஒரு விசாரணைக் குழுவின் பரிந்துரை. சட்டசபை இணையதளத்தில் பழைய மசோதாக்களை எண்ணோடு தேடலாம். கிஃபர்ட்ஸ் சட்ட மையம் 50 மாநிலச் சட்டங்களையும் ஒப்பிட்டு வைத்திருக்கிறது. அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு மூலச் சட்டத்தையும் நீங்களே வாசியுங்கள்.

படி 4: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பட்டியலோடு போகாதீர்கள். பின்னணிச் சோதனை, ரெட் ஃப்ளாக் (ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து தற்காலிகமாக வாங்கி வைப்பது), வயது வரம்பு, பூட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் உறுப்பினர் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார். என் தேர்வு பூட்டு. சான்று வலுவானது. துப்பாக்கி வைத்திருப்பவர்களிலும் பலர் ஏற்கிறார்கள். பள்ளிகளில் தாக்குதல் நடத்தியவர்களை ஆராய்ந்து சீக்ரெட் சர்வீஸ் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், துப்பாக்கி பயன்படுத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்துதான் எடுத்திருந்தார்கள்.

துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமையாயிற்றே என்ற கேள்வி கட்டாயம் வரும். இரண்டு வரி தெரிந்தால் போதும். உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் தீர்ப்பு, வீட்டுக்குள் எந்நேரமும் துப்பாக்கி பூட்டியே இருக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகர விதியை ரத்து செய்தது. அதே தீர்ப்பு, விபத்தைத் தடுக்கத் துப்பாக்கியை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லும் சட்டங்கள் செல்லாது என்று தாங்கள் சொல்லவில்லை என்றும் எழுதியது. 2022-இன் புரூயென் தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றங்கள் வரலாற்று முன்னுதாரணம் கேட்கின்றன. ஆனால் 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவுக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதை 8-1 என்று ஏற்றார்கள். இதற்கு மேல் கேட்டால் சட்ட வல்லுநரிடம் கேட்டு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுங்கள், அனுப்பியும் விடுங்கள்.

நகரத் தெருக்களில் நடக்கும் சுடுதல்கள்தான் உங்கள் பகுதியின் முதன்மைப் பிரச்சினை என்றால் பூட்டுச் சட்டம் போதாது. மருத்துவமனைகளிலும் தெருக்களிலும் இளைஞர்களோடு நேரடியாக வேலை செய்யும் தடுப்புத் திட்டங்களுக்கு மாநில நிதி கேட்பதுதான் அங்கே சரியான கோரிக்கை. அதனால்தான் படி 1-ஐ முதலில் வைத்தேன்.

படி 5: துப்பாக்கி வைத்திருப்பவர்களோடு உட்காருங்கள்

இதைத் தவிர்க்கவே எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. நியூ ஹாம்ப்ஷயரில் 2009-இல் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். அது தெரிந்ததும் கடை உரிமையாளர் அதிர்ந்துபோனார். பொது சுகாதாரத் துறையினரும் துப்பாக்கிக் கடைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து, வாடிக்கையாளரிடம் என்ன அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும், எப்போது விற்க மறுக்கலாம் என்று ஒரு வழிமுறையை உருவாக்கினார்கள். பின்னர் பல மாநிலங்கள் அதை எடுத்துக்கொண்டன.

வேட்டைக்காரர், முன்னாள் ராணுவத்தார், துப்பாக்கிப் பயிற்சியாளர் ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று "நான் பூட்டித்தான் வைக்கிறேன், எல்லாரும் வைக்கட்டும்" என்று சொன்னால், அது நான் பேசும் பத்து நிமிடத்துக்குச் சமம். குழந்தை மருத்துவர், பள்ளி ஆலோசகர், ஷெரிஃப் அலுவலகத்தில் ஒருவர், இவர்களையும் தேடுங்கள். நம் தமிழ்ச் சங்கங்களில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழாவில் சந்திக்கும்போது கேட்டுவிடுங்கள்.

படி 6: உங்கள் உறுப்பினர் அலுவலகம்

டெக்சஸ் கீழவையில் 150 உறுப்பினர்கள். ஒருவருக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள். சம்பளம் மாதம் 600 டாலர்தான், அதனால் அவர்களுக்கு வேறு தொழில் இருக்கும், கூட்டத்தொடர் இல்லாத காலத்தில் ஊரில்தான் இருப்பார்கள். அப்போது போய்ப் பாருங்கள். கூட்டத்தொடர் நடக்கும்போது ஆஸ்டினில் மூன்று நிமிடம் கிடைப்பதே பெரிது.

உறுப்பினரைவிட அவரிடம் வேலை பார்க்கும் உதவியாளர்தான் உங்களுக்கு முக்கியம். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள், ஒரே நேரத்தில் நூறு மசோதாவைப் பார்ப்பவர்கள். ஒரே ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: பிரச்சினை என்ன, நம் மாவட்டத்தில் எத்தனை பேர், சட்டத்தில் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும், ஆய்வு என்ன சொல்கிறது, எதிர்ப்பு எங்கிருந்து வரும். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். எதிர்ப்பை நீங்களே முன்கூட்டிச் சொன்னால் அந்த உதவியாளர் அடுத்த முறை உங்களை அழைப்பார். போய் வந்த அன்றே நன்றி மின்னஞ்சல், கேட்ட கேள்விக்கு ஒரு வாரத்தில் பதில்.

படி 7: கமிட்டி முன்னால் இரண்டு நிமிடம்

டெக்சஸில் கேப்பிட்டல் கட்டடத்துக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும்: ஆதரவா, எதிர்ப்பா, பொதுவான கருத்தா. பேசாமல் நிலைப்பாட்டை மட்டும் பதிவு செய்யலாம், அதுவும் கணக்கில் வரும். பேசினால் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று நிமிடம். முதல் முறை என் முறை வர ராத்திரி ஆகிவிட்டது. பையில் சாப்பாடு, தண்ணீர், போன் சார்ஜர், ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அறைகள் குளிரும்.

பேச்சின் அமைப்பு எளிது. ஆங்கிலத்தில்தான் பேசப்போகிறீர்கள், ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால் சொல்ல வந்தது தெளிவாகும். என்னுடையது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"நான் இந்த மாவட்டத்தில் வாழும் ஒரு தாய். என் பிள்ளை ஒவ்வொரு வாரமும் வேறு வேறு நண்பர்கள் வீட்டுக்கு விளையாடப் போகிறான். நம் சட்டம் 16 வயதுப் பிள்ளையைக் காக்கிறது, 17 வயதுப் பிள்ளையைக் காக்கவில்லை. சாண்டா ஃபேயில் அந்த ஒரு வயது வித்தியாசம் இருந்தது. பூட்டி வைக்கும் சட்டங்கள் இளையவர்களின் தற்கொலையையும் விபத்தையும் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. யாருடைய துப்பாக்கியையும் எடுக்கச் சொல்லவில்லை. 17 என்ற எண்ணை 18 ஆக்குங்கள்."

எண் ஒன்றோ இரண்டோ போதும். எதிர்ப்பாளரைத் திட்ட வேண்டாம். உறுப்பினர் கேள்வி கேட்டால் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். துயரம் அனுபவித்த குடும்பம் ஒன்று உங்களோடு வந்திருந்தால் அவர்களை முதலில் பேச விடுங்கள், அவர்கள் விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த நாளை மறுபடி வாழ்ந்துதான் அவர்கள் பேசுகிறார்கள்.

படி 8: காலண்டர், தோல்வி, தேர்தல்

டெக்சஸ் சட்டசபை வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியில் தொடங்கி 140 நாட்கள் கூடுகிறது. மசோதா தாக்கலுக்கு ஒரு கெடு, கமிட்டிக்கு ஒன்று, அவைப் பட்டியலுக்கு ஒன்று, மேலவைக்கு ஒன்று. உங்கள் மாநிலத்தின் கெடு தேதிகளை எழுதிச் சமையலறையில் ஒட்டிவையுங்கள். மே மாதத்தில் கமிட்டியில் ஜெயிப்பது தாமதம் என்பதை யூவால்டி குடும்பங்கள் அனுபவித்துவிட்டார்கள். மார்ச்சிலேயே கமிட்டித் தலைவரிடம் தேதி கேட்க வேண்டும்.

முதல் முறை தோற்பீர்கள் என்று வைத்தே திட்டமிடுங்கள். மிஷிகனைப் பாருங்கள். 2021 நவம்பர் 30 அன்று ஆக்ஸ்ஃபர்டு உயர்நிலைப் பள்ளியில் 4 மாணவர்களைக் கொன்ற பையனுக்கு, நான்கு நாள் முன்புதான் அப்பா அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். அப்போது மிஷிகனில் பூட்டிவைக்கும் சட்டமே இல்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகும் சட்டசபை அசையவில்லை. 2022 தேர்தலில் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சி கைக்கு மாறின, கீழவையில் 56-54, மேலவையில் 20-18. 2023 பிப்ரவரி 13 அன்று மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேலும் 3 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சில வாரங்களில் பூட்டுச் சட்டம், பின்னணிச் சோதனை, ரெட் ஃப்ளாக் மூன்றும் நிறைவேறின. மசோதாக்கள் வருடக்கணக்காக எழுதித் தயாராக இருந்ததால்தான் வாரங்களில் முடிந்தது. 2024 பிப்ரவரி 13 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. ஓட்டு உள்ளவர்கள் மாநிலத் தேர்தலைத் தவறவிடாதீர்கள். ஓட்டு இல்லாதவர்கள் உள்ளவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகலாம்.

படி 9: சட்டம் வந்த பிறகுதான் பாதி வேலை

நிறைவேறிய அன்று எல்லாரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். அப்புறம் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ரெட் ஃப்ளாக் சட்டம் என்பது, தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிபதியின் உத்தரவோடு துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைப்பது. கனெடிகட் 1999-இல் தொடங்கியது, இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு கனெடிகட் தரவை ஆராய்ந்து, இப்படி 10 முதல் 20 முறை வாங்கி வைத்தால் ஒரு தற்கொலை தவிர்க்கப்படுகிறது என்று மதிப்பிட்டது. ஆனால் 2022 மே மாதம் பஃபலோ சூப்பர்மார்க்கெட்டில் 10 பேரைக் கொன்றவனை அதற்கு முந்தைய வருடமே போலீஸ் மனநலச் சோதனைக்கு அழைத்துப் போயிருந்தது. நியூயார்க்கில் சட்டம் இருந்தது, யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. அந்த ஜூலையில் இல்லினாயின் ஹைலேண்ட் பார்க்கில் 7 பேர். அங்கேயும் சட்டம் இருந்தது. பஃபலோவுக்குப் பிறகு, அறிகுறி தெரிந்தால் மாநிலப் போலீஸ் கட்டாயம் மனு போட வேண்டும் என்று நியூயார்க் ஆளுநர் உத்தரவிட்டார். மனுக்களின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது.

ஆகவே சட்டம் வந்ததும் கேட்க வேண்டியவை: போலீஸுக்குப் பயிற்சி கொடுத்தார்களா, எத்தனை மனுக்கள் என்று மாவட்டவாரியாக வெளியிடுகிறார்களா, பலனை ஆராய யாருக்கு நிதி? 2022 மத்திய சட்டம் மாநிலங்களின் இத்தகைய நெருக்கடித் தடுப்பு வேலைகளுக்கு 75 கோடி டாலர் ஒதுக்கியது. உங்கள் மாநிலம் தன் பங்கை எதற்குச் செலவிட்டது என்று தகவல் கோரி எழுதுங்கள். பூட்டுச் சட்டமென்றால் பூட்டு கிடைக்க வேண்டும். துப்பாக்கித் தொழில் அமைப்பே நடத்தும் திட்டம் ஒன்றின் வழியாகப் பல காவல் நிலையங்களில் கேபிள் பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஊர் நிலையத்தில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள், குழந்தை மருத்துவர் அலுவலகத்திலும் வைக்கச் சொல்லுங்கள்.

சட்டம் வரும்வரை

பிள்ளையை விளையாட அனுப்பும் முன், அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். நமக்கு இது பெரிய சங்கடம். ஒருவர் வீட்டுக்குப் போகும்போது இப்படிக் கேட்பதா என்று நாக்கு எழாது. நான் மற்ற கேள்விகளோடு சேர்த்துக் கேட்கிறேன்: "நாய் இருக்கிறதா? அவனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா? அப்புறம், துப்பாக்கி ஏதாவது இருந்தால் பூட்டித்தானே இருக்கும்?" இதுவரை ஒரே ஒரு வீட்டில்தான் முகம் மாறியது. அந்தப் பையனை நம் வீட்டுக்கு வரச் சொன்னேன், இப்போது வெள்ளிக்கிழமைகளில் வந்து தோசை சாப்பிடுகிறான்.

நம் வீடுகளிலும் கேட்க வேண்டிய கேள்விதான் இது. கோவிட் காலத்துக்குப் பிறகு நம்மவர்கள் சிலரும் பாதுகாப்புக்கென்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். பதின்மவயதுப் பிள்ளை இருக்கும் வீடு என்றால் பூட்டு, குண்டுகள் தனியே வேறு பூட்டில், சாவி பிள்ளைக்குத் தெரியாத இடத்தில். பிள்ளை மனம் சோர்ந்திருக்கிறான் என்று தோன்றினால், தேறும்வரை வீட்டுக்கு வெளியே வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

டெக்சஸ் சட்டசபையின் அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரியில். மசோதாக்களை 2026 நவம்பரிலேயே தாக்கல் செய்யத் தொடங்கிவிடுவார்கள். 17 என்ற எண்ணை 18 ஆக்கும் ஒரு பக்கத் தாள் என்னிடம் தயாராக இருக்கிறது.